எல்லாரும் ஒத்துக்கினாங்க, டீச்சர்

எங்கள் எட்டாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அந்த எண்ணிக்கை எனக்கு மறக்க வழியே இல்லை, ஏனென்றால் எண்ணியவள் நான். வகுப்புத் தலைவியும் நான்தான். சாக்பீஸ் எடுத்து வருவது, பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. ஆனாலும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் இல்லையா? அந்தத் திமிர் எனக்கு ஏகத்துக்கும் இருந்தது.

போதாக்குறைக்கு அந்த வருடம் குடியரசு தினப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வேறு. தலைப்பு, 'குடியரசும் மக்களாட்சியும்'. பேச்சை எழுதிக் கொடுத்தவர் சித்தப்பா. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். கம்பெனி பஸ் வருவதற்குள் இரண்டு பக்கத்தை ஒரே மூச்சில் எழுதி என் கையில் திணித்துவிட்டு ஓடினார். நாட்டின் தலைவர் பரம்பரையாக வராமல் மக்களிடமிருந்து வந்தால் அது குடியரசு. ராணி இருக்கிற நாட்டிலும் மக்களாட்சி ஒழுங்காக நடக்கலாம். ராஜாவே இல்லாத குடியரசில் வாயைத் திறந்தால் ஜெயிலிலும் போடலாம். ஆகவே ராஜா இல்லை என்பது மட்டும் போதாது, ஓட்டுப் போடுவது மட்டும் போதாது. எத்தனை பேர் கை தூக்கினாலும் ஒருத்தரிடமிருந்து பறிக்கக்கூடாதவை என்று சில உண்டு, அதை மதிப்பதுதான் தாராளவாத மக்களாட்சி. இதையெல்லாம் நான் கையை ஆட்டி ஆட்டி முழங்கினேன். 'தாராளவாத' என்ற சொல் மட்டும் இரண்டு தடவை நாக்கில் சிக்கியது. பொருளைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

என் உயிர்த்தோழி பத்மா. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வருவாள். சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். மறுநாள் காலையில்தான் மறுபடி சாப்பாடு. வகுப்பில் அந்த வழக்கம் உள்ளவள் அவள் ஒருத்திதான். பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு இருவருமாகக் கணக்கு டியூஷனுக்குப் போவோம். அம்மா தறியில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வந்து அவளுக்குத்தான் முதல் தோசை ஊற்றுவாள். "பொழுது போறதுக்குள்ள சாப்ட்டுடும்மா, டியூஷன் எங்கயும் ஓடிப் போவாது" என்பாள். ஆக, எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஆண்டு விழா ஒத்திகை நாளில் வகுப்பு விருந்து வைத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் அனுமதி கொடுத்தார். ஆளுக்கு ஒரு பண்டம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் வைக்கலாம், அல்லது ஒத்திகை முடிந்து சாயந்திரம் ஆறரைக்கு மைதானத்தில் சீரியல் லைட் வெளிச்சத்தில் வைக்கலாம். "எல்லாருக்கும் ஒத்து வர்ற மாதிரி நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஆபீஸ் பக்கம் போனார். அதிகாரம் என் கைக்கு வந்தது.

எனக்குச் சாயந்திரம்தான் வேண்டும். காரணத்தைச் சொல்லவே கூசுகிறது. அப்பா எனக்கென்று ஒரு பட்டுப் பாவாடை நெய்து கொடுத்திருந்தார். அரக்கு நிறம், கையகலச் சரிகை பார்டர். அன்று கலர் டிரஸ் போட்டுக்கொள்ளலாம். பகலில் கட்டினால் காஞ்சிபுரத்தில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சரிகை மின்னுவதை முப்பத்தேழு பேரும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சமாசாரம்.

மேடையேறி, "மத்தியானம் வேணும்ன்றவங்க கை தூக்குங்க" என்றேன். பத்மா தூக்கினாள். அவள் பெஞ்சில் இருந்த மூன்று பேரும் தூக்கினார்கள். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு அந்தப் பெஞ்சையே முறைத்தேன். பேசுகிறவர்கள் பட்டியலில் யார் பெயரை எழுதுவது என்பது என் இஷ்டம். அது அவர்களுக்குத் தெரியும். மூன்று கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பத்மாவின் கை மட்டும் நின்றது.

அவள் எழுந்தாள். "பொழுது போனா நாங்க சாப்பிட மாட்டோம்பா. உனக்குத்தான் தெரியுமே. மத்தியானம் வச்சா நானும் உங்களோட உக்காந்து சாப்பிடுவேன்."

"முப்பத்தேழு பேரு ஒரு பக்கம், நீ ஒருத்தி ஒரு பக்கம். இது மக்களாட்சிபா" என்றேன். வகுப்பு கைதட்டியது.

அவள் விடவில்லை. "எத்தினி பேரு கை தூக்கினாலும் ஒருத்தரோடதப் பறிக்கக் கூடாதுன்னு நீதான மேடையில சொன்ன?"

"அது பேச்சுப் போட்டிக்கு!" என்றேன்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். பத்மா உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் அவள் கை மேலே இருந்தது. சிறிது நேரம் கழித்து அதை அவளே இறக்கிக்கொண்டாள்.

டீச்சர் திரும்பி வந்தார். "சாயந்திரமா? யாருக்கும் கஷ்டம் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். முப்பத்தேழு, ஒன்று என்று சொன்னால் அந்த ஒன்று யார், ஏன் என்று கேட்பார். கேட்டால் விருந்து மதியத்துக்குப் போய்விடும். "எல்லாரும் ஒத்துக்கினாங்க, டீச்சர்" என்றேன். பத்மா என்னைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

விருந்தன்று பாவாடை மின்னியது. அடேயப்பா, என்ன மின்னல்! தொட்டுப் பார்க்காதவள் பாக்கியில்லை. பத்மா பெரிய தூக்கில் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தாள். வராமல் இருந்திருக்கலாம், வெறுங்கையோடும் வந்திருக்கலாம். அவள் அம்மா முப்பத்தெட்டுப் பேருக்கும் போதுமான அளவு கிளறி அனுப்பியிருந்தார். பத்மா ஒவ்வொருவர் தட்டிலும் கரண்டியால் வைத்துக்கொண்டே போனாள். என் தட்டிலும் வைத்தாள். எனக்குப் பிடிக்கும் என்று வேர்க்கடலையாகப் பார்த்து அள்ளி வைத்தாள். நான் சாப்பிட்டேன், வெட்கங்கெட்டவள். இன்னொரு கரண்டி கூடக் கேட்டு வாங்கினேன்.

பரிமாறி முடித்து அவள் மாமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை டீச்சர் பார்த்துவிட்டார்.

"நீ ஏம்மா சாப்பிடாம நின்னுக்கினு இருக்குற?"

பக்கத்திலிருந்த ஒருத்தி, "அவுங்க வீட்ல பொழுது போனா சாப்பிட மாட்டாங்க, டீச்சர்" என்று போட்டு உடைத்தாள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "எல்லாரும் ஒத்துக்கினாங்கன்னு சொன்ன. ஓட்டெடுத்தப்போ இந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சு? எங்கிட்ட பொய் சொன்னியா நீ?"

தலைவிப் பதவி போய்விடும், வீட்டுக்கு ஆள் அனுப்புவார், அம்மா என்னைப் பிய்த்து எறிந்துவிடுவாள். அத்தனை பேரும் தட்டோடு நின்றார்கள். எல்லோருக்கும் உண்மை தெரியும்; ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"நானும் கை தூக்கினேன், டீச்சர்" என்றாள் பத்மா. "எத்தினி மணிக்குன்னு சரியா கவனிக்கல. என் தப்புதான்."

டீச்சருக்கு அவள்மீது கோபம் வந்துவிட்டது. "நல்ல பொண்ணும்மா நீ! உன் விஷயத்த நீதான வாயத் தொறந்து சொல்லணும்? இப்டி ஊமையா இருந்தா யாருக்குத் தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். வகுப்பிலேயே வாய் திறந்து சொன்ன ஒரே ஒருத்தி அவள்தான். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு காலித் தூக்கைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மதியம் சாப்பிட்டதோடு சரி, இனிக் காலைவரை பட்டினிதான். அது எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நேராக டியூஷனுக்குப் போய்விட்டாள். அப்புறமும் வரவில்லை. "பத்மா எங்கடி?" என்று அம்மா கல்லை அடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டபோது, அவளுக்கு வேறு வழி கிட்டத்தில் இருக்கிறதாம் என்று சொன்னேன். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

அவள் எனக்காக ஏன் பொய் சொன்னாள் என்று விருந்தன்று இரவு படுக்கப் போகும்போது யோசித்துப் பார்க்கத்தான் செய்தேன். பன்னிரண்டு பதின்மூன்று வயது மூளைக்கு ஒரே ஒரு காரணம்தான் அகப்பட்டது. என்னைக் கண்டால் அவளுக்குப் பயம், வேறென்ன? தலைவி என்றால் அந்தப் பயம் இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.