காருக்கு எந்த ஒயரிங்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கை வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஆ, ஊ என்று சத்தம் மட்டும் வரும். அதில் எது காப்பி, எது பாத்ரூம் என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகக் கண்டுபிடித்தால் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும், எனக்குக் கோபம் வரும். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு மேற்கு தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தால், வீட்டில் இப்படி ஒரு பெரிய பிள்ளை.

பிசியோதெரபிக்கு வருகிற பெண், "சாருக்குப் புடிச்ச வேலை எதையாவது இடது கையில செய்ய விடுங்க மேடம். இல்லேன்னா அப்படியே சுருண்டுடுவார்" என்றாள்.

அவருக்குப் பிடித்தது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். போர்ட்டிகோவில் நின்ற அந்த அறுபதுகளின் கார். கல்யாணமான புதிதிலிருந்தே நான் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பேசிய நேரத்தைவிட அதன் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த நேரம் அதிகம். அவர் விழுவதற்கு முந்தைய வருஷமே அது டேஷ்போர்டுக்குள் புகைந்து, ஒயர்கள் அங்கங்கே உருகி நின்றுபோயிருந்தது.

பம்மலில் காருக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவரை வரவழைத்தேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒயரிங்கே மொத்தமா மாத்தணும்மா. ரெண்டு வழி கீது. ரெடிமேட் செட்டு வாங்கலாம். ஆனா அது பின்னால வந்த வண்டிக்குச் செஞ்சது, அங்கங்க வெட்டி ஒட்டணும். இல்லேன்னா இந்தப் பழசை முழுசா உருவி, அதைப் பார்த்து அதே நீளத்துக்குப் புதுசு கட்டலாம். அதான் சுத்தம். ஆனா ஒரு பேஜாரு. சாரு கைல கெடச்ச கலர் ஒயரெல்லாம் போட்டுகினு இருந்திருக்காரு. எது எங்க போவுதுன்னு அவருக்குத்தான் தெரியும்."

அவரோ பேச முடியாதவர். ரெடிமேடே போதும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நாற்காலியிலிருந்து ஊ என்று பெரிய சத்தம் வந்தது. இடது கை பழசைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

எலக்ட்ரிஷியன் அதை உருவி எடுத்து ஹாலில் விரித்துவிட்டுப் போனார். துணி நாடா சுற்றிய ஒயர்க் கட்டு, கிளை கிளையாகப் பிரிந்து தரை முழுக்கக் கிடந்தது. கிரீஸ் கறை மொசைக்கை விட்டுப் போகவே இல்லை. ஆஸ்பத்திரியில் மிச்சமான பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தேன். அவர் இடது கையில் பேனாவைப் பிடித்து, ஒவ்வொரு ஒயர் நுனிக்கும் பெயர் எழுதத் தொடங்கினார். முதல் நாள் 'ஹார்ன்' என்று எழுத ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. எழுதும்போது வாயும் அந்த வார்த்தைக்குக் கோணிக் கோணி முயன்றது.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து எழுதினார். தானே இடது கையால் சாப்பிட்டார். கன்னத்தைத் தடவிக் காட்டி, ஷேவ் செய்துவிடச் சொன்னார். நான் சந்தோஷமாக இருந்தேன், அதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. மொத்தம் நாற்பத்து மூன்று பிளாஸ்திரி. கடைசி ஒன்றை எழுதி முடித்தபோது போகிக்கு இரண்டு நாள் இருந்தது.

"பொங்கல் கழிச்சி வந்து எடுத்துக்கினு போறேம்மா" என்று எலக்ட்ரிஷியன் போனில் சொன்னார். ஒயரிங்கை நானே சுருட்டிக் கோணிப்பையில் போட்டு, போர்ட்டிகோ மூலையில் வைத்தேன். அதே மூலையில்தான் போகிக்காகக் கட்டிவைத்த இன்னொரு கோணியும் இருந்தது. கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், எலி கடித்த தலையணை.

போகி அன்று விடிகிற நேரத்தில் தெருவே புகையாக இருந்தது. பள்ளிக்குப் போக வேண்டும், அவரைக் குளிப்பாட்ட வேண்டும், வாசலில் கோலம் போட வேண்டும். பனிமூட்டமும் புகையும் கலந்து எதிர்வீடு தெரியவில்லை. மூலையில் கைக்கு அகப்பட்ட கோணியை இழுத்துக்கொண்டு போய் நெருப்பில் தள்ளினேன். திறந்து பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷம் என்னிடம் இல்லை.

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அவர் கத்தினார். ஆ, ஆ என்று, அதுவரை நான் கேட்டிராத சத்தம். புகை உள்ளே போகிறது போல என்று நினைத்தேன். "இதோ, சாத்திடறேங்க" என்று ஓடிப்போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினார். பொறுமையே கிடையாது இந்த மனுஷனுக்கு என்று எண்ணிக்கொண்டு, திரும்பி வந்து குச்சியால் நெருப்பைக் கிளறினேன்.

"என்னம்மா, ஒயர் நாத்தம் அடிக்குது?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

குச்சி நுனியில் செம்புக் கம்பி மாட்டி வந்தது. பிளாஸ்திரிகள் அப்பளம் மாதிரி சுருண்டு கருகிக்கொண்டிருந்தன. வெறுங்கையால் இழுத்தேன். விரல் கொப்புளித்ததுதான் மிச்சம்.

உள்ளே போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "தெரியாம பண்ணிட்டேங்க" என்று எத்தனை முறை சொன்னேனோ. அவர் இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பொங்கலன்று பேப்பரும் பேனாவும் கொடுத்து, "ஞாபகத்துலேருந்து வரைஞ்சு காட்டுங்க, உங்களால முடியும்" என்று கெஞ்சினேன். விரல்களைத் தளர்த்திப் பேனாவைக் கீழே உருள விட்டார். சாப்பாட்டையும் மறுபடி நானே ஊட்ட வேண்டியதாயிற்று.

தை பிறந்து ஒரு வாரத்தில் எலக்ட்ரிஷியன் இரண்டு ரெடிமேட் செட்டுகளோடு வந்தார். ஒன்று நாடா சுற்றியது, ஒன்று பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டது.

"ரெண்டுமே ஒட்டு வேலதாம்மா. சாரு எது சொல்றாரோ அத போட்டுடலாம்."

இரண்டையும் அவர் மடியில் வைத்தேன். பழையபடி கையை நீட்டிக் காட்டமாட்டாரா, ஊ என்று ஒரு அதட்டலாவது போடமாட்டாரா என்று காத்திருந்தேன். "எதுங்க வேணும்? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் செட்டுகளைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். வாய் கோணியது, தொண்டை ஏறி இறங்கியது.

"உன் இஷ்டம்" என்றார். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

"யம்மா, சாரு பேசிட்டாரும்மா!" என்று எலக்ட்ரிஷியன் துள்ளினார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து விஷயத்தைக் கேட்டு, சமையலறைக்குள் புகுந்து சர்க்கரையை அள்ளி வந்து என் வாயில் போட்டார். நான் அதை விழுங்கினேன். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கார் விஷயத்தில் அவர் ஒருமுறைகூட என் இஷ்டத்துக்கு விட்டதில்லை.