வயரை உரசிப் பார்க்கிறவர்

ஒரு மனிதரின் பிழைப்பை நான் தெரிந்தே கெடுத்தேன். அடிக்கவில்லை, திருடவில்லை. சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். சொல்லாமல் இருந்தபோது உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இன்ஜினியராக இருந்தேன். எனக்குக் கண்ணாடிக் குழல் வைத்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரின் குரல்மேல் பைத்தியம். படிக்கும் காலத்தில் விடுதியில் ஒன்று இருந்தது. அதில் பாட்டுக் கேட்டால் பாடுகிறவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விடுவது போலிருக்கும். அப்படி ஒன்றை வாங்க என் சம்பளம் போதாது. டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப்ளிஃபயர் செட்டுகள் மலிவு. ஆனால் பெரும்பாலானவை காதில் ஊசி குத்துவது போலப் பாடும்.

மலிவான டிரான்சிஸ்டர் செட்டில் வால்வின் குரலைக் கொண்டுவந்தே தீருவது என்று இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திப்பள்ளி வழியாக பெங்களூர் போய், பழைய சாமான் கடைகளில் கன்னடத்தில் பேரம் பேசி ஏதாவது ஒரு செட்டைத் தூக்கி வருவேன். முதலாவதில் ‘ஸ’ என்ற எழுத்து வந்தாலே சீறும். அடுத்ததில் சீறல் இல்லை, உயிரும் இல்லை. அதில் இரண்டொரு பாகங்களை மாற்றிப் போட்டுக் கொஞ்சம் இளக வைத்து, பெருமையாக நண்பர்களைக் கூப்பிட்டேன்.

அன்று கம்பெனியில் ஆயுத பூஜை. ஒலிபெருக்கி கட்ட நாகரசம்பட்டியிலிருந்து ஒரு மைக் செட்டுக்காரரை, அந்தப் பக்கத்து ஊழியர் ஒருவர் அழைத்து வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அப்பா அம்மா இருவரும் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். இவர் மட்டும் எப்படியோ ஒரு பழைய வால்வு செட்டும் இரண்டு ஹாரன் ஒலிபெருக்கியும் வாங்கி, கூலியிலிருந்து தப்பித்திருந்தார். ‘டேய்’ என்று கூப்பிட்ட ஊர், செட்டு வந்த பிறகு ‘மைக் செட்டுக்காரரே’ என்று கூப்பிட்டது.

அவர் வேப்பமரத்தில் வயர் இழுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஹாரன் பாடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஹாரனுக்குப் போகும் வயரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று உரசினார். சின்னதாகப் பொறி பறந்தது. ஏன் என்று கேட்டேன்.

“பொறி வந்தா லைன் இங்க வரைக்கும் உயிரோட இருக்குதுனு அர்த்தம் சார். அப்புறந்தான் ஹாரன மாட்டுவேன்” என்றார். அந்தப் பக்கத்து மைக் செட்டுக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் பார்ப்பார்களாம். வால்வு செட்டு அதைத் தாங்கும்.

பூஜை முடிந்து நண்பர்களோடு அவரும் என் வீட்டுக்கு வந்தார். என் செட்டைப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் ஆகா என்றார்கள். அவர் மட்டும் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்து நின்றார். எப்படி என்று நானே வாயைக் கொடுத்தேன்.

“நல்லாத்தான் இருக்குது சார். ஆனா பாடறவரு வாயில தகரத்த வெச்சிக்கினு பாடறாப்ல இருக்குது.”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் முதல் கம்பெனியில் யாராவது என்னைக் கடக்கும்போது “இன்னா சார், தகரம் எப்படி இருக்குது?” என்பார்கள். அந்தக் கேலியை மாதக்கணக்கில் சுமந்தேன்.

அந்த ஆத்திரத்திலேயே தேடிக் கடைசியில் சரியான செட்டைக் கண்டுபிடித்தேன். எங்கோ ஒரு கூட்ட அரங்கில் இருந்து ஏலத்தில் போனது. கனமான டிரான்ஸ்ஃபார்மர், தகர மூடி போட்ட பழைய டிரான்சிஸ்டர்கள். அதிலும் குரல் உயரும் இடங்களில் ஓர் இறுக்கம் இருந்தது. காரணம், உள்ளே இருந்த ஒரு காவல் சர்க்யூட். வெளியே வயர்கள் ஒட்டிக்கொண்டால் டிரான்சிஸ்டர் எரியாமல் தடுப்பது அதன் வேலை. அதை வெட்டி எடுத்தேன். குரல் திறந்துகொண்டது. நான் தேடிய குரல் அதுதான். இனி வயர்கள் ஒரு நொடி ஒட்டினாலும் செட்டு போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும்.

கல்யாண சீசனில் அவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய வால்வு எரிந்துவிட்டது, எங்கும் கிடைக்கவில்லை. கல்லாவியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தார். அது நன்றாக நடந்தால் சுற்றுப்பட்டு ஊர்க் கல்யாணமெல்லாம் தனக்குத்தான் என்றார். என் புதிய செட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“சார், இது என் செட்டோட தொண்டை” என்றார்.

எனக்கு அதுவே போதுமாயிருந்திருக்க வேண்டும். போதவில்லை. எடுத்துப் போங்கள் என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வயரை உரசாதீர்கள் என்ற வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. தகரம் என்றவன்தானே, பார்க்கட்டும் என்று விழுங்கிவிட்டேன்.

அதோடு நிற்காமல் கல்லாவிக்கும் போனேன். பார்ப்பதற்கென்றே போனேன். பந்தலில் பாட்டு நிறைந்திருந்தது. யாரோ ஒரு பெரியவர் கல்யாண வீடு இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை வீட்டார் தெருமுனையில் வந்து இறங்கும் நேரத்துக்கு அங்கே ஒரு ஹாரன் பாட வேண்டுமாம். அவர் புளியமரத்தில் ஏறினார். கையில் வயரின் இரண்டு முனைகள். நான் கீழே நின்றேன். கூப்பிட்டுச் சொல்ல நேரமிருந்தது.

உரசினார். பாட்டு அறுந்தது. பந்தலில் செட்டிலிருந்து புகை கிளம்பியது. தீ என்று யாரோ கத்த, பெண்கள் எழுந்து ஓட, மாப்பிள்ளை வீட்டார் இறங்கியது அந்தக் கூச்சலுக்கு நடுவில். அபசகுனம் என்றார்கள். பெரிய வீட்டுக்காரர் அவரை மரத்திலிருந்து இறங்கச் சொல்லி, எல்லோர் முன்னாலும் செருப்பைக் கழற்றி அடித்தார். “உங்கப்பன மாதிரி மாங்கா பொறுக்கறத உட்டுட்டு உனக்கு ஏண்டா இந்தப் பொழப்பு?” என்றார். புகைகிற செட்டைத் தலையில் ஏற்றித் தெரு வழியாக நடக்க வைத்தார்கள். பையன்கள் ‘புகை, புகை’ என்று கத்திக்கொண்டு பின்னால் போனார்கள்.

ஊர் எல்லையில் அவரைப் பிடித்தேன். கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அழுதார்.

“உங்க செட்டக் கெடுத்துட்டேன் சார். நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்.”

“பாத்து செஞ்சிருக்கணும்” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். ஈடாகத் தன் வால்வு செட்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். வாங்கிக்கொண்டேன். பெங்களூரில் அலைந்து வால்வு தேடிப் போட்டு, வருடக்கணக்கில் அதில் பாட்டுக் கேட்டேன்.

அவரைப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஹாரன்களை விற்றுவிட்டு ஓசூருக்கு வந்து, வேறொரு கம்பெனியில் லோடு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளில் ஒருநாள் ஸ்பீக்கரை நகர்த்தும்போது என் கை தவறி, வயரின் இரண்டு முனைகளும் ஒட்டிக்கொண்டன. பொறி பறந்தது. செட்டு ஒரு கணம் அடங்கி, மறுபடி பாடியது. புளியமரத்தில் அவர் உரசியதும் இப்படித்தான். மறுநாளே செட்டைத் தூக்கிக்கொண்டு, விசாரித்து, வரிசை வீடுகளில் ஒன்றான அவருடைய லைன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், மரத்தடியில் நின்றது உட்பட.

அவர் செட்டை வாங்கி மூலையில் வைத்தார். பிறகு, “எனக்குச் சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? அங்க வந்து சொல்லுங்க” என்றார்.

இருவரும் கல்லாவிக்குப் போனோம். பெரிய வீட்டுக்காரர் இறந்துபோயிருந்தார். மகன் இருந்தார். எனக்கு நாற்காலி போட்டார். மைக் செட்டுக்காரரை உட்காரச் சொல்லவில்லை, அவர் வாசலிலேயே நின்றார். தப்பு இவர்மேல் இல்லை, என்மேல் என்று சொன்னேன். மகன் யோசித்தார். கல்யாணத்தில் அப்படி ஏதும் நடந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

“இதுக்கா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க?” என்றார். பிறகு வாசலை உற்றுப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, “அட, நம்ம புகை! எங்கடா இருக்கற இப்போ?” என்றார்.

எனக்குக் காபி வந்தது. கிளம்பும்போது, வீட்டில் பாட்டுக் கேட்க மலிவாக ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர் சொல்லுங்கள் என்று மகன் என்னைக் கேட்டார்.

பஸ்ஸில் மைக் செட்டுக்காரர் என் பக்கத்தில் உட்காரவில்லை, பின்னால் போய் நின்றுகொண்டார். கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது கிட்டே வந்தார்.

“அந்த செட்ட எடுத்துக்கினு போயிடுங்க சார். வீட்டுல வெக்க எடமில்ல.”

இரண்டு நாள் கழித்துப் போய் எடுத்து வந்தேன். அவர் அப்போது வீட்டில் இல்லை. அவர் மனைவி அதைத் துணியில் கட்டிக் கதவுக்கு வெளியே வைத்திருந்தார். இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நன்றாகப் பாடுகிறது.