மதகுக் கல்லில் போட்ட கோடுகள்

எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டேன். மழைக்காலத்தில் ஏரிக்கரை மேலே போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டேன். இப்படிப்பட்டவள் ஒரு ஏரியை வகுப்புக்குள் இழுத்து வந்தேன் என்றால் அதற்கு என் வாய்தான் காரணம்.

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு ஒன்று மாற மாற இன்னொன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஒதவுமா மேடம்?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஒதவும்டா. உங்க ஊர்ல ஏறுறது, எறங்குறது எதையாவது ஒண்ணப் புடிங்க. என்ன வேகத்துல ஏறுதுன்னு கோடு போட்டுக் காட்டுங்க. காட்டாதவங்களுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது" என்றேன். மார்க் என்றதும் சிரிப்பு நின்றது.

ஒருவன் வெந்நீர் ஆறுவதைப் பிடித்தான். ஒருத்தி செல்போன் சார்ஜ் இறங்குவதைப் பிடித்தாள். அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வரும் பெண் ஏரியைப் பிடித்தாள். ஏரிக்கரைக்குக் கீழே முதல் வீடு அவளுடையது. கொல்லைக் கதவைத் திறந்தால் கரைதான் எதிரே நிற்குமாம். மதகுக் கல்தூணில் சாணுக்கு ஒரு கோடாக வெள்ளைப் பெயின்ட் அடித்து, எந்தக் கோடு எப்போது முழுகுகிறது என்று பார்த்து வந்தாள். அதைப் போர்டில் வரைந்தோம். கோடு மேலே போகப் போகச் சாய்ந்து படுத்தது. ஏன் என்று கேட்டேன். "ஏரி தாம்பாளம் மாதிரி மேடம். மேல போவப் போவ அகலம். அதே தண்ணி வந்தாலும் ஏர்றது மெதுவா ஆயிடும்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்து, "இன்னா, கறிக்கு ஒதவிச்சா?" என்று கேட்டேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்யாமல் ஊற்றியே தள்ளியது. கல்லூரிக்கு லீவு. என் வீட்டு ஜன்னலில் நின்றால் மலை தெரியும். எங்கள் பக்கத்து மலைகளெல்லாம் மொட்டைப் பாறை. ஒரு வாய் தண்ணீர் குடிக்காது, பெய்ததை அப்படியே கீழே தள்ளிவிடும். அன்று பாறை முழுக்க வெள்ளை வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலைச் சாத்தினேன். அப்போதுதான் அந்தப் பெண்ணின் போன் வந்தது.

"மேடம், கோடு போர்டுல போட்ட மாதிரி இல்ல."

"எப்படி இருக்கு?"

"காலைல ஒரு கோடு முழுவ ஒரு மணி நேரம் ஆச்சி. அடுத்தது முக்கா மணி. இப்ப ஒண்ணு அர மணிகூட ஆவல. சீக்கிரம் சீக்கிரமா முழுவுது மேடம். கரை மேலதான் நிக்கிறேன்."

பேப்பரை எடுத்துப் புள்ளி வைத்துச் சேர்த்தேன். படுக்க வேண்டிய கோடு எழுந்து நின்றது. மேலே எங்கேயோ ஒரு ஏரி உடைந்து இதற்குள் வருகிறதா, எல்லா ஓடையும் ஒன்றாகப் பாய்கிறதா, தெரியவில்லை. 

"கலங்கல்ல தண்ணி போவுதா?" என்றேன். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கரையைவிடத் தாழ்வாகக் கட்டியிருக்கும் வழி அது. அது ஓடினால் கரை பிழைக்கும்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அடியே, கேக்கறேன் இல்ல?"

"மூட்ட போட்டுகிறாங்க மேடம். ஊரே சேந்து போட்டது. எங்க நைனாதான் முன்ன நின்னாரு."

நைனா என்றால் அவள் அப்பா. கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவது அந்தப் பக்கத்து விவசாயிகளின் வழக்கம். இரண்டு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். அடுத்த போகத்து நெல்லுக்கு ஆகும். கூடாது என்று அதிகாரிகள் சொல்வார்கள், இவர்கள் தலையாட்டுவார்கள், மழை வந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் பெரியவர்கள். இவர்களோ வெள்ளம் போகிற வழிக்கே அணை போட்டிருந்தார்கள்!

"மொதல்ல அம்மாவக் கூப்டுகினு மேட்டுக்குப் போ."

"மாடு ரெண்டும் சினையா கீது. நைனா சொல்லாம அம்மா நவராது மேடம்."

தாலுகா ஆபீசுக்கு இன்னொரு போனில் அடித்தேன். ஆள் கிளம்பியாச்சு, நடுவில் ரோட்டின் மேல் ஓடை போகிறது, சுற்றி வருவார்கள் என்றார்கள். அதுவரை யார் காத்திருப்பது? "நைனாகிட்ட போனக் குடு" என்றேன்.

மூட்டையை எடுக்கச் சொன்னேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "வணக்கம் டீச்சரம்மா. நீங்க பயப்படாதீங்க. இதவிடப் பெரிய மழையெல்லாம் பாத்த கரை இது. மூட்டைய எடுத்தா தண்ணி போயிரும். அப்புறம் ஊர்ல யாரு பதில் சொல்றது, நானா, நீங்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என் கையில் இருந்தது நான்கு புள்ளியும் ஒரு கோடும். நான் சொல்லி மூட்டையை எடுத்து, கரைக்கு ஒன்றும் ஆகாமல் போனால் ஒரு போகம் போச்சு. நான் வாயை மூடிக்கொண்டு, கரை போனால் அந்தப் பெண் போச்சு. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். வந்தது.

"ஐயா, நான் சொல்றத நீங்க கேக்க வேணாம். உங்க பொண்ணு கோடு போட்ட கல்லப் பாத்து நில்லுங்க. அடுத்த கோடு முழுவுற வரைக்கும் போன வைக்காதீங்க. எனக்காக ஒரு கோடு. அவ்ளோதான்."

வேண்டா வெறுப்பாக, "சரிம்மா" என்றார். இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். தலைக்கு மேல் போகாதவரை ஒரு சாண்தான் உயிர். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தேன். அதிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. அரை மணி என்று நினைத்தது, கால் மணிகூட ஆகவில்லை.

"ஐயையோ," என்றார் அவர். பிறகு, போனை மறந்து யாரையோ பார்த்து, "டேய், கவுறு எடுத்தாங்கடா! கலங்கலுக்கு வாங்கடா எல்லாரும்!" என்று கத்தினார்.

போன் மறுபடி பெண்ணிடம் வந்தது. "மேடம், நைனா இடுப்புல கவுறு கட்டிகினு எறங்குறாரு. மூட்டையத் தண்ணி அமுக்கிகினு கீது. ஒண்ண எடுத்தா ஆளையே இஸ்துகினு போவும் மேடம்..." அதோடு லைன் போய்விட்டது.

கடவுளே, இதை நான் யோசிக்கவே இல்லை. மூட்டையை எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. எடுக்க ஒரு ஆள் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது என் பேப்பரில் எங்கேயும் இல்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். சுவிட்ச் ஆஃப், சுவிட்ச் ஆஃப் என்றே வந்தது. கரன்ட்டும் போனது. அவள் அப்பாவைத் தண்ணீரில் இறக்கியது நான்தான், நான்தான் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு கூடத்தில் நடந்தேன். சமைக்கவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். "நைனா ஏறிட்டாரு மேடம். தோளு எறங்கிடுச்சி, ஆஸ்பத்திரிக்குப் போறோம். தண்ணி வெளிய போவுது." நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

கரை நின்றது. அதுதான் பிறகு வந்த வம்பு. ஏரி கலங்கல் மட்டத்தோடு நின்றுவிட்டது, அடுத்த போகத்துக்குப் பாதி நிலத்துக்குத்தான் தண்ணீர். "கரைதான் ஒடயவே இல்லியே, யாரோ டீச்சர் சொன்னாளாம், இவன் மூட்டைய எடுத்தானாம்" என்று ஊரில் அவரை ஏசுகிறார்களாம். கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு அவர் எதற்கும் பதில் பேசுவதில்லையாம்.

கல்லூரி திறந்தபின் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவள் மட்டும் நின்றாள். "மேடம், எடுக்காம இருந்திருந்தா?" என்றாள். அந்தக் கேள்வி எனக்கும் தினமும் வருவதுதான். அன்றைக்கு அவள் பார்த்த புள்ளிகளைப் போர்டில் வைக்கச் சொன்னேன். மூட்டை எடுத்த இடத்தோடு புள்ளி நின்றுவிட்டது. அதற்குமேல் அதே வளைவில் விட்டு விட்டு ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனாள். இது நிச்சயமில்லை, மழை குறைந்திருக்கலாம் என்று சொன்னேன். தலையாட்டினாள், ஆனால் கையை நிறுத்தவில்லை. கோடு கரை உயரத்தைத் தொட்ட இடத்திலிருந்து நேராகக் கீழே இறங்கி நேரத்தைப் பார்த்தாள்.

"மூணு மணி சில்லறை மேடம்," என்றாள். "அந்நேரம் அம்மா கொல்லையில மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு இருந்துச்சி."

சாக்பீஸை அந்த இடத்திலிருந்து எடுக்காமல் நின்றாள். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே தூறல் போட ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தோம்.