தோளுக்கு ஓவர்டைம் கிடையாது

பிசியோதெரபி வேலையில் பாதி நாள் "கையைத் தூக்குங்க" என்று சொல்வதில் போய்விடும், மீதி நாள் "வீட்டில் தூக்கினீங்களா?" என்று கேட்பதில் போய்விடும். தோள்வலிக்காரர்களே, நீங்களும் அந்த இரண்டாவது கேள்விக்குக் கூரையைப் பார்த்தவர்கள்தானே?

வெளிச்சமே வராத லேசர்

ஸ்ரீராம்புரத்தில் என் கிளினிக். ஒரு சாயங்காலம் மஞ்சுளா வந்தார். பீன்யா தொழிற்பேட்டையில் பெயின்ட் அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தலைக்கு மேலே நகர்ந்து போகும் கொக்கிகளில் இரும்புத் தகடுகளை மாட்ட வேண்டும். வலது கை பாதி உயரம் போனதுமே முகம் சுருங்கியது. தோள் எலும்புக்கு அடியில் தசைநார் நசுங்குகிற வலி. லேசரும் பயிற்சியும் கொடுக்கும்படி டாக்டர் எழுதியிருந்தார். சூப்பர்வைசர் அவரைத் தற்காலிகமாகப் பேக்கிங்கில் உட்கார வைத்திருந்தார். இரண்டு மாதத்தில் கொக்கிக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும்.

கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு லேசரைத் தோளில் வைத்தேன். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, சூடும் அவ்வளவாக இருக்காது. சிலருக்கு வலியைக் கொஞ்சம் தணிக்கும், அந்தச் சமயம் பார்த்துப் பயிற்சி செய்தால்தான் தோள் தேறும். இதையெல்லாம் விளக்கி முடித்துவிட்டு, சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியலயே மேடம், கரென்ட் இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து இழுக்க வேண்டும். காலை, மதியம், மாலை, பத்துப் பத்துத் தடவை. மூன்றாவது வாரம் கை நன்றாக மேலே போனது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலாவது வாரம் திங்கட்கிழமை வந்தவரால் தலையைக்கூடச் சீவ முடியவில்லை.

விசாரித்தால், வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பயிற்சியே செய்யவில்லை. தொழிற்சாலையில் காலையில் குறைந்த டார்கெட்டைச் சாயங்காலம் சரிக்கட்டுவார்களாம். அதே முறையை ஞாயிற்றுக்கிழமை தோளுக்கும் போட்டுவிட்டார். நான் கத்தினேன். கத்திய பிறகு வெட்கமாக இருந்தது. எத்தனை தடவை என்று சொன்னேனே தவிர, நடுவில் தசைக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லவில்லை. தப்பு என்னுடையது. விட்டது விட்டதுதான், தோளுக்கு ஓவர்டைம் கிடையாது என்று அன்றுதான் சொன்னேன்.

"சும்மனே திட்டாதீங்க மேடம். தொண்ணூறையும் ஒரே மூச்சுல முடிச்சேன். மிச்சம் வெக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்ல."

அரை அடி

ஏழாவது வாரம் வலி பெரும்பாலும் இறங்கியிருந்தது. ஆனாலும் எனக்கு நிம்மதியில்லை. மறுபடி அதே இடத்தில் போய் நின்றால் என்ன ஆகும்? வேலையைச் செய்து காட்டச் சொன்னேன். திரைச்சீலைக் கம்பியைக் கொக்கியாக வைத்துச் செய்து காட்டினார். மஞ்சுளா குள்ளம். ஒவ்வொரு முறையும் எம்பி, தோளைக் காதுவரை தூக்கித்தான் மாட்ட முடிந்தது. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை நூறு முறையோ! காலுக்கடியில் அரை அடி உயர மரப்பலகை போட்டால் எம்பவும் வேண்டாம், தோளைக் காதுவரை தூக்கவும் வேண்டாம். இதைச் சூப்பர்வைசருக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவரே போன் செய்தார். சண்டைக்கு வருகிறார் என்று நானும் தயாராகவே எடுத்தேன்.

"அந்த எடத்துல இதுவரைக்கும் நாலு பேருக்குத் தோள் போச்சு மேடம். ஆள மாத்திக்கிட்டே இருந்தோம். பலக போடலாம்னு ஒருத்தருக்கும் தோணல."

கூட வந்தவர்

பலகை போட்டார்கள். திங்கட்கிழமை மஞ்சுளா கொக்கிக்குத் திரும்பினார். புதன்கிழமை கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தேன், வரவில்லை. வியாழனும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வலி திரும்பிவிட்டது, வேலை போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, வந்த மற்றவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தார், யூனிஃபார்மோடு. கேட்காமலே கையை நேராக மேலே தூக்கிக் காட்டினார், முகம் சுருங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு பெண் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"எனக்கு முன்னாடி அந்த எடத்துல நின்னவங்க மேடம் இவங்க. கை வலிக்குதுன்னாங்க, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு நாளா வீடு தேடிக் கண்டுபுடிச்சேன். உக்கார வெச்சுப் பாருங்க."

ஒரு தோள் தேறிப் போனால் இன்னொரு தோளைக் கையோடு கூட்டிவருகிற தொழில் இது, ஆகவே தோள்வலிக்காரர்களே, எனக்கு ஓய்வு கிடைக்கும் என்று நம்புகிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான்.