உமையாள் ஆச்சியின் எட்டிதழ்ப் பூ

எம்பிராய்டரி என்பது துணியின் முன்பக்கத்தைப் பார்த்து ஊர் மெச்சுவதற்காக, பின்பக்கத்தைப் பார்த்து நாமே தலையில் அடித்துக்கொள்ளும் தொழில். ஊசி பிடித்துப் பழகிய கை உங்களுக்கும் இருந்தால் மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்; நீங்களும் என் கட்சிதான்.

காரைக்குடியில் ஒரு நூல் கடையின் மேல்மாடியில் புதன்கிழமைதோறும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கூடுகிறோம். பன்னிரண்டு பெண்கள், ஒரே ஒரு மின்விசிறி. பலகையில் எம்பிராய்டரி சங்கம் என்று எழுதியிருக்கும். ஊருக்குள் ஊசிச் சங்கம் என்றால்தான் தெரியும். என் பெயர் சிவகாமி. துணியில் டிசைன் அச்செடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு, தைப்பது என் ஆசை. பன்னிரண்டு பேர் என்று சொன்னேனே, இரண்டு வருடமாகப் பதினோரு பேர்தான் வருகிறோம். பன்னிரண்டாவது ஆள் உமையாள் ஆச்சி. அவர் திரும்பி வந்து என் எதிரில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போதைக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

குன்றக்குடி பஸ்ஸில்

அச்செடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்காக: பட்டர் பேப்பரில் படத்தை வரைந்து, கோடு முழுக்க ஊசியால் பொடிப்பொடியாக ஓட்டை போட வேண்டும். அதைத் துணிமேல் விரித்து, நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் படம் கீழே இறங்கிவிடும். மண்ணெண்ணெய் வாசனை மட்டும் கையை விட்டு இறங்காது. சோப்புப் போட்டும் பார்த்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்தும் பார்த்தேன்.

ஒரு சஷ்டியன்று குன்றக்குடிக்குப் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூக்கைச் சுளித்தார், ஜன்னலைத் திறந்தார், என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அர்ச்சனைத் தட்டை வேறு நான் மடியில் வைத்திருந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, வேண்டுதல்னா விளக்குப் போடுங்க, மொட்டை போடுங்க. மண்ணெண்ணெயையா கொண்டு போறீக?"

சேலையோடு சேர்த்து

ஆச்சி சங்கத்தில் சேர்ந்த முதல் புதன்கிழமை. அப்போது எனக்கு அவரைத் தெரியாது. பெரிய வீட்டு மனுஷி, ஒப்புக்கு வந்து போவார் என்றுதான் நினைத்தேன். எதிரில் உட்கார்ந்து, ஃப்ரேமை மடியில் வைத்து, ஒரு மணி நேரம் தலை நிமிராமல் ஒரு மாம்பிஞ்சு டிசைனைத் தைத்தார். காபி வந்தது. எழுந்தார். துணியும் ஃப்ரேமும் கூடவே எழுந்தன. மாம்பிஞ்சைத் தன் பட்டுச்சேலையோடு சேர்த்துத் தைத்திருந்தார்.

இந்தத் தப்பைச் செய்யாதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனாலும் புது ஆள், விலை உயர்ந்த சேலை. யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. நான்தான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாக வெட்டத் தொடங்கினேன். பாதி வெட்டியதும் ஆச்சி குனிந்து என் கையைப் பிடித்தார். அன்றைக்குப் பிடித்ததுதான், ஒன்பது வருடம் விடவில்லை.

"விடு சிவகாமி. இந்தச் சேலை எடுத்த நாள்லேருந்து நடுவுல ஒரு மாம்பிஞ்சு இல்லைன்னு எனக்குக் குறைதான்."

வெள்ளைத் தரை

சங்கத்துக்கென்று ஒரு பெரிய துணி தைப்போம் என்று முடிவானது. பன்னிரண்டு கட்டம், ஆளுக்கு ஒன்று. அவரவர் வீட்டுத் தரையில் உள்ள படத்தை அவரவர் தைக்க வேண்டும். ஒருவர் கட்டத்தில் இன்னொருவர் ஊசி வைக்கக் கூடாது. ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாத சட்டம் அது ஒன்றுதான். ஆச்சி வீட்டுத் தரையில் பதித்த பூக்கல்லில் எட்டிதழ்ப் பூ, பச்சையும் அரக்கும். என் வீட்டில் சிவப்புச் சிமெண்ட். மரவேலை செய்யும் என் வீட்டுக்காரரின் உளி விழுந்து தெறித்த இடத்தோடு சேர்த்துத் தைத்தேன்.

தேவகி டீச்சருக்குத்தான் சிக்கல். ஓய்வு பெற்ற பிறகு மானகிரிப் பக்கம் புதுவீடு கட்டி, கூடம் முழுக்க வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார். ஒரு கோடுகூடக் கிடையாது. வேறு ஏதாவது தைத்துக்கொள்ளுங்கள் என்றோம். கணக்கு டீச்சர் ஆயிற்றே, விதியை மீற மாட்டேன் என்றார். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் நான்கு மாதம் தைத்தார். பக்கத்தில் போய்ச் சாய்த்துப் பார்த்தால்தான் தையல் தெரியும். நாங்கள் எல்லாரும் சாய்ந்து சாய்ந்து பார்ப்பதை ரசித்துவிட்டு, தைத்த டைல்ஸில் ஒன்றைக் காட்டினார்.

"இந்த மூலையில நேத்து என் பேரன் ரசம் கொட்டுனான். அதையும் தைக்கவா, இல்ல துடைச்சாச்சுன்னு விட்டுரவா?"

பத்து நாள்

ஆச்சியின் பூவில் ஐந்து இதழ் முடிந்திருந்தது. அந்த வருடம்தான் அவர் கணவர் தவறிப்போனார். மகன் பெங்களூரிலிருந்து வந்து, இங்கே தனியாக எதற்கு என்று கூப்பிட்டார். கிளம்புகிற அன்று ஆச்சி மாடியேறி வந்தார். பத்து நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லி, ஆறாவது இதழில் இரண்டு தையல் போட்டு, ஊசியை அப்படியே துணியில் குத்திவிட்டுப் போனார்.

துணியில் ஊசியை விட்டால் துருப்பிடிக்கும், துருக்கறை எதற்கும் போகாது. உங்களுக்குத் தெரியாததா? சங்கத்தில் இதற்காக நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! ஆனால் ஆச்சி ஊசியை எடுத்து டப்பாவில் போட என்னால் முடியவில்லை. போட்டால் அவர் வர மாட்டார் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. புதன்கிழமைதோறும் அதை உருவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மறுபடி துடைத்து, அதே ஓட்டையில் குத்தி வைப்பேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். எங்களில் சின்னவள் ரம்யா. போன மாதம் அவள் ஊசியைத் துணியில் விட்டதற்காக நான் சத்தம் போட்டபோது குட்டு உடைந்தது.

"ஏன்க்கா, என் ஊசின்னா வைவீக, ஆச்சி ஊசிக்கு மட்டும் வாராவாரம் எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுவீகளா?"

வீடியோ கால்

ஆரம்பத்தில் புதன்கிழமைகளில் ஆச்சியை வீடியோ காலில் கூப்பிடுவோம். போனை நூல் பெட்டிமேல் சாய்த்து வைப்போம். அங்கே ஆச்சி போனைக் காதில் வைத்துக்கொள்வார். எங்களுக்குத் தெரிவது அவருடைய தோடு மட்டும். பதினான்காவது மாடி, வெளியே மழை, மருமகள் நல்லபடி பார்த்துக்கொள்கிறாள் என்றெல்லாம் சொல்வார். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம்.

எனக்கு அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஆச்சி, நீங்கள் இல்லாமல் எனக்குத் தைக்கவே பிடிக்கவில்லை. பத்துப் பேர் நடுவில் அதை எப்படிச் சொல்வது? ஆரஞ்சு நூல் எங்கே கிடைக்கிறது, சாயம் போகுமா என்று எதையாவது கேட்டுவைப்பேன். அவர் இடத்தில் யாரும் உட்காராமல் இருக்க என் நூல் பையை அங்கே வைப்பது வழக்கம். ஒருநாள் அவர் அதிசயமாகப் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தபோது எங்கள் போன் சரிந்து, அந்த இடம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"என் இடத்துல ஒரு பையை உக்கார வச்சிருக்கீகளே, அது என்னையவிட வாயைக் கம்மியாத் திறக்குதா?"

சென்னையிலிருந்து வந்தவர்

பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு சென்னை அம்மாள், பலகையைப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தார். துணியை விரித்துக் காட்டினோம். தேவகி டீச்சரின் வெள்ளைக் கட்டத்தைத் தைக்காத கட்டம் என்று தாண்டிப் போனார். டீச்சர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆச்சியின் கட்டத்துக்கு வந்து நின்றார். ஐந்து இதழ், மிச்சம் வெறும் நீலக்கோடு. போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு, "இதுதாங்க பிரமாதம். வேணும்னே இப்படிப் பாதியில விட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

பொங்கலுக்குக் கண்காட்சி வைப்பதாக இருந்தோம். மூன்றே இதழ்தானே, யாராவது முடித்துவிடலாம் என்று அதற்கு முந்தைய வாரம்தான் டீச்சர் பேச்செடுத்திருந்தார். நான் சட்டம் பேசி, சண்டை பிடித்து, எழுந்தே போய்விட்டேன். அந்தக் கோபம் இன்னும் டீச்சருக்கு ஆறவில்லை. சென்னை அம்மாளுக்குப் பதில் சொன்னார், பார்த்தது என்னை.

"தச்சவங்க வேணும்னு விடலைங்க. இங்க ஒருத்தி வேணும்னுதான் முடிக்க விட மாட்டேங்கிறா."

நான் செய்தது

கார்த்திகையில் மானகிரியில் ஒரு கல்யாணம், ஆச்சி வருகிறார் என்று தகவல் வந்தது. புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் சங்கத்துக்கு வந்து, பூவை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவாராம். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆச்சி கைக்கு மூன்று இதழ் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. முடித்துவிட்டால் துணி முழுசாகிவிடும். அப்புறம் காரைக்குடியில் அவர் வந்து செய்ய வேண்டிய வேலை என்று என்ன பாக்கி இருக்கும்?

செவ்வாய்க்கிழமை இஸ்திரி போடுகிறேன் என்று துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தில் விரித்தேன். ஊசியின் காதுப்பக்கத்தால் ஆச்சியின் தையலை ஒவ்வொன்றாகத் தூக்கி வெட்டினேன். ஓர் இதழோடு நிறுத்த நினைத்தேன், கை நிற்கவில்லை, நான்கு இதழைப் பிரித்துவிட்டேன். ஒருவர் கட்டத்தில் இன்னொருவர் ஊசி வைக்கக் கூடாது என்று சண்டை பிடித்தவள் நான்தான். சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று பார்த்தார். அவர் பழைய வீட்டுக் கதவு ஜன்னலைப் பிரித்துப் பழுது பார்க்கும் ஆசாரி. பிரிப்பவர் முகத்தைப் பார்த்தாலே பிரிப்பது எதற்கென்று அவருக்குத் தெரியும்.

"நான் பிரிச்ச ஜன்னலை எல்லாம் திரும்பப் பொருத்தணும்னுதான் பிரிச்சேன். நீ எதுக்கு அழுதுக்கிட்டே பிரிக்கிற?"

புதன்கிழமை

ஆச்சி வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், குரல் அப்படியே இருந்தது. கட்டிப்பிடித்தல், கண் துடைத்தல் எல்லாம் முடிந்து, தன் இடத்தில் உட்கார்ந்து துணியை மடியில் இழுத்தார். பூவில் ஓர் இதழ்தான் இருந்தது. இரண்டு வருடம் நூலுக்கு அடியில் கிடந்த இடம் தூசு படாமல் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் வரிசையாக ஊசி ஓட்டை. பதினோரு பேருக்கும் தெரியும், பூவில் ஐந்து இதழ் இருந்ததென்று. ரம்யா வாயைத் திறந்தாள். தேவகி டீச்சர் அவள் தொடையில் கிள்ளிவிட்டு, மின்விசிறி சத்தம் போடுகிறது, எண்ணெய் விட வேண்டும் என்றார்.

ஆச்சி துணியைத் திருப்பினார். பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நூலைக் கோத்துத் தைக்க ஆரம்பித்தார். பெங்களூர்க் கதை சொன்னார், எங்கள் கதை கேட்டார். முன்பெல்லாம் அவர் கைக்கு இருந்த வேகம் அன்றைக்கு இல்லை. இரண்டு மணி நேரத்தில் இரண்டே இதழ். கண் பழசாகிவிட்டதா, வேண்டுமென்றேதான் மெதுவாகத் தைத்தாரா, எனக்குத் தெரியாது. கீழே மகன் காரில் ஹாரன் அடித்தார். மாடிப்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் பாதியில் நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், பெங்களூரில் ஆரஞ்சு நூல் கிடைக்கிறதா என்று கேட்டுவைத்தேன். ஆச்சி என் காதருகில் குனிந்தார்.

"பிரிச்சதுதான் பிரிச்ச, தண்ணி தொட்டு நகத்தால நீவி அந்த ஓட்டைய மறைக்க வேணாமா? அடுத்த வாட்டி நான் வர்றதுக்குள்ள ஒழுங்காப் பிரிச்சு வையி."

தைக்கிறவர்களே, பதினோரு பேர் கூடி ஒரு பூ முடிந்துவிடக் கூடாதே என்று கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் சங்கம், எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான்.