தொடக்க எண்

கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கும் மரிய ஜோசப்புக்கு, மகள் பார்க்கும் வேலை இன்னதென்று கடைசிவரை விளங்கவில்லை. "சிதம்பரத்துல பூட்டுக்கு நம்பர் போடுறா" என்பார். தப்பில்லை. மேரி ஷாலினியின் கம்பெனி, கம்ப்யூட்டர் ரகசியங்களைப் பூட்டும் நிரல்களை எழுதுகிறது. யாராலும் ஊகிக்க முடியாத மிக நீளமான எண்களைப் பிறப்பிக்கும் பகுதி அவள் பொறுப்பு. அவையெல்லாம் ஒரு தொடக்க எண்ணிலிருந்து கிளம்பும்; அதை ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரே புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே அவள் சிடுமூஞ்சி. சோதனைக்காகத் தொடக்க எண்ணைக் கையால் எழுதிவிட்டு யாராவது அழிக்க மறந்தால் தொலைந்தார்கள்.

"ஆரம்பம் ஒண்ணா இருந்தா வர்றதெல்லாம் ஒண்ணாத்தான் வரும். அப்புறம் பூட்டு எதுக்கு? சாவியக் கதவுலயே தொங்க உடு!" என்று உடன் வேலை பார்க்கும் லலிதாம்பிகையை ஒருமுறை அழவே வைத்திருக்கிறாள்.

ஊருக்குத்தான் உபதேசம்.

மாதா திருவிழாவில் சப்பரத்தின் முன்தண்டை எந்தக் குடும்பம் தோளில் சுமப்பது என்று வருடா வருடம் சண்டை. குடத்தில் சீட்டுப் போட்டு எடுத்தாலும், சீட்டை மடித்தவர் மேல் பழி விழும். அதனால் போன வருடம் பங்குச் சாமியார் ஷாலினியிடம் கேட்டார். ஆபீஸ் நிரலை வைத்தே குலுக்கல் செய்து கொடுத்தாள். அப்பா பெயர் வந்தது. காலமெல்லாம் சப்பரத்துக்குப் பின்னால் நடந்த மனிதர் அன்று முன்னால் நடந்தார். தண்டு பதிந்த தழும்பைச் சட்டைக் காலரை விலக்கி விலக்கி, பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

இந்த வருடமும் கோயிலில் எல்லோர் முன்னாலும் பட்டனைத் தட்டினாள். திரையில் மறுபடி மரிய ஜோசப் குடும்பம்.

கைதட்டல் பாதியில் நின்றது. "மிஷினுக்கும் சொந்தக்காரங்க இருப்பாங்க போலருக்கே" என்றாள் பின்வரிசையில் சவரியம்மாள்.

மரிய ஜோசப் விருட்டென்று எழுந்தார். "எம்பொண்ணு கை வச்சதுல கள்ளம் இருக்காது. மாதா மேல சத்தியமா சொல்றேன்!"

ஷாலினிக்கு அப்போதுதான் உறைத்தது. தொடக்க எண். போன வருடம் குலுக்கலுக்கு முன் சோதித்துப் பார்க்க அவளே எழுதியது அப்படியே கிடக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பாதி உண்மை. மீதி அவளுக்கு மட்டும் தெரியும். எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் ஒன்றுக்கு அப்பா பெயர் வந்தது. சிரித்துக்கொண்டாள். அதோடு சோதனையை நிறுத்தினாள். அப்புறம் அழித்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தவள், அழிக்கவே இல்லை.

"சத்தியம் பண்ணாதப்பா" என்றாள். மைக்கில் அவள் குரல் அவளுக்கே அசிங்கமாகக் கேட்டது. "போன வருசமே உன் பேரு வர்ற மாதிரி நாந்தான் வச்சேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சவரியம்மாள்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். சாமியார் பழைய குடத்தை எடுத்துவரச் சொன்னார். குடும்பத்துக்கு ஒருவராக வந்து சீட்டுப் போட்டார்கள்.

மரிய ஜோசப்பும் வரிசையில் வந்தார். குடத்தருகே நின்றார். காலரை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டு, சீட்டைப் போடாமலே வெளியே போனார்.