டார்ச்சக்கா கைப்பை வாங்கிய சனிக்கிழமை

இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவளுக்குக் கைப்பை என்று ஒன்று தேவைப்பட்டதே இல்லை. கம்பெனி கொடுத்த நீல உடுப்பில் பதினோரு பாக்கெட் இருந்தது. டார்ச் ஒன்றில், அளவு டேப் ஒன்றில், பூட்டும் சாவியும் ஒன்றில். சீப்பும் கைக்குத் தடவும் க்ரீமும் இடது தொடைப் பக்கத்தில். சாப்பாட்டு டப்பா மட்டும் கருவிப் பெட்டிக்குள் போகும். அதனால் அவள் சாப்பாட்டில் எப்போதும் லேசாகக் கிரீஸ் வாடை அடிக்கும். கூட வேலை செய்கிறவர்கள் யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள் என்பதால் அதையும் ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டாள்.

டார்ச்சக்கா என்ற பெயர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டடத்தில் கரன்ட் போய், லிஃப்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் மேலே மோட்டார் அறைக்கு ஓடினார்கள். இவள் கதவிடுக்கு வழியே டார்ச் வெளிச்சத்தை உள்ளே விட்டு, அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நின்றாள். வெளியே வந்த ஏழு பேரில் ஒருவர்கூட அழவில்லை. இரண்டு பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அன்றிலிருந்து கம்பெனியில் மேலாளர் முதல் காவலாளி வரைக்கும் அவள் டார்ச்சக்காதான்.

நாற்பத்தாறு வயதில் அவளை ஆய்வாளராக உயர்த்தினார்கள். இனிமேல் ஸ்பேனர் பிடிக்க வேண்டாம். கட்டடம் கட்டடமாகப் போய், இரும்புக் கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டால் போதும். செய்தி கேட்டு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நீல உடுப்பைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பதிலுக்கு வெள்ளைச் சட்டையும் சாம்பல் நிறக் கால்சட்டையும் வந்தன. கால்சட்டையில் இரண்டே பாக்கெட். அதிலும் ஒன்று சும்மா தையல், விரல்கூட நுழையாது.

முதல் வாரம் ரொட்டிக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போனாள். புதன்கிழமை இருபது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றுக்குள் நுழைந்ததும், அதன் நிர்வாகி அவளை விட்டுவிட்டுப் பையைத்தான் பார்த்தார்.

"சாப்பாடு கொண்டுவந்தீங்களா? பின்பக்க வாசல்ல குடுத்துடுங்க."

"சாப்பாடும் இருக்கு சார். ஆனா அது எனக்கு," என்றாள் அவள். "உங்க லிஃப்டைப் பாக்கத்தான் வந்திருக்கேன். ஆய்வாளர்."

நிர்வாகிக்கு முகம் சுண்டைக்காயாகச் சுருங்கிவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் பையின் அடி கிழிந்தது. பூட்டு பளிங்குத் தரையில் மணியடித்தாற்போல் விழ, முத்திரை உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. அதை எடுக்க நிர்வாகியும் ஆய்வாளரும் ஒரே நேரத்தில் மண்டியிட்டார்கள்.

வீட்டில் இதை நடித்தே காட்டினாள். கணவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. பேச்சு வேகமெடுத்தால் தரையில் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. பூட்டு விழுந்த இடத்தில் அழுத்தி மிதித்தார். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சொன்னவள் சிரித்த சிரிப்பு மற்றவர்கள் சிரித்ததைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே முடிந்துபோயிருந்தது.

"அம்மா, ஒழுங்கா ஒரு ஹேண்ட்பேக் வாங்கு," என்றாள் மகள். "அத்தையைக் கூட்டிட்டுப் போ."

அத்தை என்றது டார்ச்சக்காவின் அண்ணன் மனைவியை. கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். அவரிடம் ஒன்பது கைப்பைகள் இருந்தன. இன்ன உடைக்கு இன்ன பை என்பதில் அவருக்கு இருந்த உறுதி, பல டாக்டர்களுக்கு மருந்து விஷயத்தில் இருக்காது. போனில் விஷயத்தைக் கேட்டதும், "இந்த நாளுக்குத்தான் காத்துட்டிருந்தேன்," என்றார்.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். தரையிலிருந்து கூரை வரைக்கும் பைகள் தொங்கிய நீளமான கடை அது. உள்ளே காலெடுத்து வைத்த மறுநிமிஷம் அண்ணி தங்கச் சங்கிலி வைத்த பெரிய பழுப்புப் பை ஒன்றை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டார். டார்ச்சக்கா கண்ணாடியில் பார்த்தாள்.

"யாரோ தொலைச்ச பையை எடுத்துட்டு, போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறவ மாதிரி இருக்கேன் அண்ணி."

அண்ணி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பையைக் கழற்றினார்.

விற்பனைப் பெண்மணி கழுத்தில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தார். "பைக்குள்ள என்னென்ன வைப்பீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றார். சொல்வானேன் என்று டார்ச்சக்கா, வீட்டிலிருந்து கொண்டுவந்ததை மேசைமேல் கொட்டினாள். டார்ச், டேப், குறிப்பேடு, முத்திரை, மைப்பெட்டி, சாப்பாட்டு டப்பா, கண்ணாடி உறை, சீப்பு, உள்ளங்கையளவில் கனமான ஒரு பூட்டு.

"ஆபீஸுக்கு எதுக்குங்க பூட்டு?" என்று விற்பனைப் பெண்மணி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நான் லிஃப்டுக்கு மேல ஏறி நிக்கும்போது கீழ யாரும் தெரியாம சுவிட்ச் போட்டுடக் கூடாதில்ல. மெயினை அணைச்சு இந்தப் பூட்டைப் போட்டு, சாவியை நானே வெச்சுக்குவேன்."

விற்பனைப் பெண்மணி பூட்டைக் கீழே வைக்கும்போது மெதுவாக வைத்தார். "அப்ப இதுக்குன்னு தனி அறை வேணும்," என்றார்.

அப்போதுதான் அவள் அந்தச் சிவப்புப் பையைப் பார்த்தாள். இரண்டாம் தட்டில், மாதுளைத் தோல் நிறத்தில் இருந்தது. தொட்டால் விரலுக்கு இதமாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

"உனக்குச் சிவப்பு பிடிக்குமா?" அண்ணி மூக்கின்மேல் விரல் வைத்தார்.

"தெரியலையே அண்ணி. இன்னிக்குத்தான் தெரியுது."

விலை அவளுடைய பத்து நாள் சம்பளம். கண்ணைக் கட்டியது. "தினம் தூக்கப்போறே, மனசுக்குப் பிடிச்சதை வாங்கு," என்று அண்ணி தூபம் போட்டார். மேசைமேல் கிடந்த சாமான்களையெல்லாம் அவளே பைக்குள் அடுக்கினாள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். இருபத்திரண்டு வருஷமாகக் கயிற்றையும் கொக்கியையும் பார்த்தால் அவள் கை தானாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. வெடுக்கென்று இரண்டு இழுப்பு. அதையே இப்போதும் செய்தது.

இரண்டாவது இழுப்பில் கைப்பிடி மட்டும் கையில் இருந்தது. பை தரையில் கிடந்தது. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் வந்தார். "என்ன மேடம், பையை இப்படியா இழுப்பாங்க?"

"பஸ்ஸுல ஏறும்போது இதைவிட ஜாஸ்தி இழுபடும் சார்," என்றாள் டார்ச்சக்கா. குரலில் கோபம் இல்லை. தரையிலிருந்து டார்ச்சைத் தேடி எடுத்து, கழன்று கிடந்த கைப்பிடி வளையத்தின்மேல் வெளிச்சம் அடித்தாள். "இங்க பாருங்க. ரெண்டு முனையும் சேரவே இல்ல. கம்பியை வளைச்சு விட்டுட்டாங்க, பத்தவைக்கல. கனம் ஏறினா வாயைப் பொளந்துடும்."

கடைக்காரர் நம்பவில்லை. அதே மாதிரிப் பை இன்னொன்றை எடுத்து, பூட்டையும் டப்பாவையும் உள்ளே போட்டு, தானே இழுத்தார். ஒரே இழுப்பு. கைப்பிடி அவர் கையோடு வந்தது. விற்பனைப் பெண்மணி அவசரமாகக் கூரையை ஆராயத் தொடங்கினார்.

கடைக்காரர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போன மாசம் மூணு பேர் இதைத் திருப்பிக் கொண்டுவந்தாங்க," என்றார். "கல்லைத் தூக்கிப் போட்டீங்களான்னு கேட்டு மூணு பேர்கிட்டயும் சண்டை போட்டு அனுப்பினேன்."

"அவங்க நம்பர் இருக்கா?"

"பில்லுல இருக்கும்."

"அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. கூப்பிட்டுச் சொல்லுங்க."

அவர் அங்கேயே, அவள் எதிரிலேயே, மூன்று பேருக்கும் போன் செய்தார். முதல் ஆள் திட்டினார். இரண்டாவது ஆள் நம்பவில்லை. மூன்றாவது ஆள் சிரித்துவிட்டார் போலிருக்கிறது, கடைக்காரரும் சிரித்தார். போனை வைத்தவர், "மேடம், மத்த பைகளையும் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது கடையாக இல்லை. டார்ச்சக்காவுக்கு ஸ்டூல் வந்தது, டீ வந்தது. ஒவ்வொரு பையாக உள்ளே வெளியே புரட்டினாள். ஜிப்பை இருபது தரம் இழுத்தாள். மூலைத் தையலை நகத்தால் நெருடினாள். அண்ணி எங்கிருந்தோ ஒரு பேனாவைப் பிடித்து, அவள் சொல்லச் சொல்லச் சீட்டெழுதி ஒட்டினார். வாங்க வந்தவர்கள் சுற்றி நின்றுகொண்டு, "அக்கா, இது தாங்குமா?" என்று வரிசை கட்டினார்கள். லேப்டாப் வைக்கப் பை தேடிய வங்கி ஊழியை ஒருத்தி, கையில் வைத்திருந்ததைக் கீழே வைத்துவிட்டு அதைவிட மலிவான ஒன்றோடு வாயெல்லாம் பல்லாகப் போனாள்.

"அண்ணி, உங்க பையையும் குடுங்க, ஒரு பார்வை பாத்துடலாம்."

"வேணாம்மா," என்று அண்ணி தன் பையை அணைத்துக்கொண்டார். "இது எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்."

நாற்பதாவதோ ஐம்பதாவதோ பை. கீழ்த்தட்டில் ஆளரவமில்லாமல் கிடந்தது. அதன் கைப்பிடி வார் எந்த வளையத்தையும் நம்பியிருக்கவில்லை. பையின் அடி வரைக்கும் ஒரே துண்டாக இறங்கி, அடியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறியிருந்தது. லிஃப்ட் மோட்டாரைத் தூக்கும்போது கம்பெனியில் வார் கட்டுகிற அதே முறை. பக்கவாட்டில் தனி அறை, பூட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. மைப்பெட்டிக்கு ஜிப் வைத்த உறை. வடிவமும் சோடைபோகவில்லை. மேலே குறுகி, கீழே விரிந்து, பார்க்கவே ஒரு மிடுக்கு. விலை நாலு நாள் சம்பளம். ஆனால் தட்டில் இருந்தவை கறுப்பும் சாம்பலும்தான். காலையில் அந்தச் சிவப்பைப் பார்க்காமல் இருந்திருந்தால் கறுப்பை எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

"சிவப்புல ஒண்ணே ஒண்ணு இருக்கு," என்று விற்பனைப் பெண்மணி இழுத்தார். "ஆனா உள்துணி பளிச்சுன்னு மஞ்சள். தொறந்து பாக்கறவங்க எல்லாம் மூடிட்டுப் போயிடறாங்க."

ஏணி போட்டு எடுத்துவந்தார்கள். டார்ச்சக்கா பையைத் திறந்தாள். உள்ளே எலுமிச்சை மஞ்சள். சாமான்களைப் போட்டுப் பார்த்தாள். சீப்பு, சாவி, பேனா, கறுப்பு மைப்பெட்டி, எல்லாம் தட்டில் பரிமாறிவைத்தாற்போல் தெரிந்தன.

"இதைப் போய் யாரும் வாங்கலையா?" என்றாள். "கறுப்புத் துணியா இருந்தா உள்ள போனது குழிக்குள்ள விழுந்த மாதிரி, தேடிக்கிட்டே நிக்கணும். இதுல டார்ச்சே வேணாம்."

தோளில் மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்றாள். இந்தப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு, ஒருவரும் கேட்காமலே, நாலடி நடந்து பார்த்தாள். அண்ணி தலையாட்டியதைப் பார்த்ததும் சரிதான் என்று தெரிந்தது.

கடைக்காரர் காசு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். "நான் முத்திரை குத்தற வேலையில இருக்கேன் சார். சும்மா வாங்கினா கை பழகிடும்," என்றாள் அவள். அண்ணி குறுக்கே புகுந்து, வாசலில் எழுதியிருந்த பத்து சதவீதத் தள்ளுபடி ஊருக்கெல்லாம் பொதுதானே என்று கேட்டு, அதை மட்டும் விடாமல் வாங்கிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை கம்பெனிக் கொட்டகைக்குள் அவள் சிவப்புப் பையோடு நுழைந்ததும் பழைய கூட்டாளிகள் ஸ்பேனரோடு எழுந்து நின்றார்கள். "மேடம் வந்துட்டாங்க, வழி விடுங்கப்பா." ஒருவர் தன் அழுக்குத் துணியால் அவளுக்கு நாற்காலி துடைத்தார். துடைத்ததில் நாற்காலி கறுத்ததுதான் மிச்சம், அவள் உட்காரவில்லை. பத்து நிமிஷம் கழித்து அதே ஆள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார். "அக்கா, எங்க வீட்டுல ரொம்ப நாளா பை ஒண்ணு கேக்கறா. நான் வாங்கிக் குடுத்தது ரெண்டும் பிஞ்சிடுச்சு. ஒரு தடவை கூட வர்றீங்களா?"

போனாள். அவருக்கு மட்டுமில்லை, அடுத்த இரண்டு மாதத்தில் ஆறு பேருக்குப் போனாள். கடைக்காரர் வளையங்களையெல்லாம் பத்தவைத்தவையாக மாற்றியிருந்தார். கடை வாசலில் ஒரு கொக்கியும் நாலு கிலோ எடைக்கல்லும் வைத்து, சந்தேகப்படுகிறவர்கள் தாங்களே தொங்கவிட்டுப் பார்க்கலாம் என்று எழுதிப்போட்டிருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அன்றைக்கு ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், நேர்முகத் தேர்வு. "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் உன் பையைத் தர்றியா?"

டார்ச்சக்கா ஒரு நொடிதான் யோசித்தாள். சாமான்களை எடுத்து மகளின் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு, சிவப்புப் பையைத் துடைத்துக் கொடுத்தாள். அன்று மூன்று கட்டடம் முதுகுப்பையோடு ஏறி இறங்கினாள். நடுநடுவே போனை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

மாலையில் மகள் நனைந்துகொண்டே வந்தாள். பை மட்டும் நனையாமல் துப்பட்டாவுக்குள் சுற்றியிருந்தது. "என்னை எடுத்துட்டாங்க," என்றாள். கணவர் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தார். டார்ச்சக்கா எழுந்து போய் மகளை ஈரத்தோடு கட்டிக்கொண்டாள், பை இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது. அம்மா முதலில் தொட்டது பையின் மூலைத் தையலைத்தான், தன்னையல்ல என்று மகள் சாதிக்கிறாள். அந்த வீட்டில் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.